ஒரே முடிச்சு

இந்த வருஷம் அம்மாவைக் கையில் கட்டிக்கொண்டு தூங்கிய மூன்றாவது ஆள் நான் என்று கல்லூரிச் சேர்க்கை அலுவலர் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மேசைமேல் மூன்று விண்ணப்பங்களை அடுத்தடுத்து வைத்து, மூன்றிலும் ஒரே பக்கத்தைத் திருப்பினார். ‘கல்வியில் பின்னடைவு ஏற்பட்டிருந்தால் அதற்கான காரணத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்குக’ என்று மேலே அச்சடித்த பக்கம். மற்ற இருவரின் பெயர்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். ‘பழைய போர்வையில் கிழித்த நாடாவால் அம்மாவின் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுப்பேன். அவர் எழுந்தால் என் கை இழுபடும். கை இழுபட்டால் விழித்துக்கொள்வேன்.’ என் அம்மா. என் கை. எங்கள் வீட்டுப் போர்வை. ஒருவர் மட்டும் ‘பழைய’ என்ற வார்த்தையை விட்டிருந்தார். அவர் வீட்டில் புதுப் போர்வை போலிருக்கிறது.

“பரீட்சை ஹால்ல மூணு பேருமே தூங்கியிருக்கீங்க. தூங்குன பாடம் மட்டும்தான் வேற வேற,” என்றார் அலுவலர்.

அது உண்மையிலேயே எனக்கு நடந்தது என்றேன். மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்களாம். மருத்துவமனைச் சீட்டு இருக்கிறது என்று எடுத்து நீட்டினேன். அவர்களும் தங்கள் அம்மாவுக்கு ஏதோ ஒரு சீட்டு வைத்திருந்தார்களாம்; எந்த வீட்டு அம்மாவுக்குத்தான் இந்தக் காலத்தில் ஒரு சீட்டு இல்லை என்று கேட்டார். ஒரே விளக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் வந்தால் எல்லாவற்றையும் தள்ளிவிடுவதுதான் விதி. இன்று அலுவலகம் மூடுவதற்குள் வேறு ஏதாவது காட்ட முடிந்தால் வரலாம், முடியாவிட்டால் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். நான் கேட்டது இயற்பியல். தோற்றதும் அதே இயற்பியல்தான். மறுதேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறிவிட்டேன், ஆனால் முதல் தடவை வாங்கிய முட்டை சான்றிதழில் அப்படியே குந்திக்கொண்டிருக்கிறது. மறுதேர்வில் தேறியவர்களை அதே பாடத்தில் சேர்ப்பது இந்தப் பக்கத்தில் இந்த ஒரு கல்லூரிதான். அதுவும் தேறிய வருஷத்தில் மட்டும். இது போனால் எனக்கு அப்பாவின் கடைதான், அப்பாவின் நாற்காலிதான். அந்த நாற்காலியை நினைத்ததும், அந்த இரண்டு விண்ணப்பங்களும் எங்கிருந்து வந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடினேன்.

அப்பாவை எங்கள் பகுதியில் எல்லாரும் காரணக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க ஒரு முக்காலி, அதன் பின்னால் ஒரு வெள்ளைத் துணி. இவ்வளவுதான் கடை. விண்ணப்பம் நிரப்பித் தருவது வேலை. பெயர், முகவரியெல்லாம் யாரும் நிரப்பிவிடுவார்கள். ‘தாமதத்துக்குக் காரணம்’, ‘விடுப்புக்குக் காரணம்’ என்ற இடம் வந்ததும்தான் பேனா நின்றுவிடும். அந்த இடத்தை நிரப்ப அப்பாவிடம் வருவார்கள். காரணமே இல்லாத ஆட்களுக்கும் அப்பா ஏதாவது ஒன்றைத் தேற்றிக் கொடுத்துவிடுவார். மனசாட்சிக்கு விரோதமாக அவர் யாரையும் சாகடித்ததில்லை. காய்ச்சலோடு நிறுத்திக்கொள்வார்.

அம்மா டாக்ஸி கம்பெனியில் போன் எடுப்பவராக இருந்தார். யார் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் பக்கத்தில் எந்த வண்டி இருக்கிறது என்று பார்த்து அனுப்புவது அவர் வேலை. நான் பள்ளியில் கடைசி வருஷப் படிப்பைத் தொடங்கிய சமயத்தில் அவருக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் தப்பியது. நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் எங்களில் யார் யார் என்பது அவருக்கு ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. மறக்காதது அந்த வேலை ஒன்றுதான். இருட்டியபின் திடுதிப்பென்று எழுந்து, யாரோ வண்டிக்குக் காத்திருப்பதாகச் சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார். கதவைப் பூட்டிப் பார்த்தோம். பூட்டின கதவில் முட்டி முட்டி நெற்றியைப் பிளந்துகொண்டார்.

முதலில் அப்பாதான் தன் கையோடு அவர் கையைக் கட்டிப் பார்த்தார். கடையில் காகிதக் கட்டுகளுக்குப் போடுவாரே, அதே பூ முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். அம்மா இழுத்தார், அவிழ்ந்தது, போய்விட்டார். அப்பா படுத்தால் கட்டைதான். இடி விழுந்தாலும் அசையமாட்டார். பழைய டாக்ஸி ஸ்டாண்டில் வெறுங்காலோடு நின்றிருந்த அம்மாவை, முகம் தெரிந்த டிரைவர் ஒருவர் விடிந்ததும் கூட்டிவந்து விட்டார். அன்றைக்கு அப்பா கையிலிருந்து நாடாவைப் பிடுங்கினேன். உங்களை நம்பினால் ஒன்றும் உருப்படாது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

என் முடிச்சு வேறு. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுத்தால் இறுகிக்கொள்ளும். பிரிக்க வேண்டுமென்றால் பல்லால்தான் பிரிக்க வேண்டும். அம்மாவால் முடியாது. என் கை இழுபடும், விழித்துக்கொள்வேன், அம்மாவைப் படுக்க வைப்பேன், கண்ணை மூடுவேன், மறுபடி இழுபடும். காலையில் அப்பா அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய் முக்காலியில் உட்கார வைத்துக்கொள்வார். நான் பள்ளிக்கூடம் போய்த் தூங்குவேன். இயற்பியல் பரீட்சையில் கேள்வித்தாளை ஒரு தடவை படித்ததும், எல்லாம் தெரிந்த கேள்விதான் என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைக் கவிழ்த்தது. குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கண்காணிப்பாளர் நினைத்தாராம். அவர் என் தோளைத் தொட்டபோது மற்றவர்களின் விடைத்தாள்களை வாங்கி முடித்திருந்தார்.

மறுதேர்வு எழுத அனுமதி கேட்டு மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. நடந்ததை நான் சொல்லச் சொல்ல அப்பா டைப் செய்தார். ஒரு வார்த்தைகூட அவர் சேர்க்கவில்லை, காரணக்காரராக இருந்தும். இப்போது கல்லூரி விண்ணப்பத்திலும் அதே வரிகளைத்தான் எழுதிக் கொடுத்தேன். உண்மையை இன்னொரு விதமாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கடைக்குள் நுழைந்தபோது அம்மா வெள்ளைத் துணிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பா யாருக்கோ போட்டோ வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போனதும், என் கதையை யாருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அப்பாவின் முகம் செத்துவிட்டது. இரண்டு பேருக்கு என்று சொன்னார். கொஞ்சம் கழித்து, மூன்றாகவும் இருக்கலாம் என்றார். பையன்கள் தோற்றுவிட்டார்கள் என்று பெற்றவர்கள் கூட்டிவந்தார்களாம். காரணம் கேட்டால் தலையைச் சொறிந்தார்களாம். வேறு ஒருவர் வீட்டுக் கதையை எடுத்துக் கொடுத்தால்தானே தப்பு, இது நம் வீட்டுக் கதைதானே என்று நினைத்தாராம். அவர்களும் இதே கல்லூரிக்குத்தான் போடுவார்கள் என்று தெரியாதாம்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முழுக்க நினைவில்லை. ஊருக்கெல்லாம் காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்ற பெண்ணுக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லையே என்று கேட்டது நினைவிருக்கிறது. அப்பா நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினார். இப்போதே கல்லூரி அலுவலருக்கு ஒரு விளக்கக் கடிதம் டைப் பண்ணித் தருவதாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். திரை அணைந்தது.

அந்தக் கறுத்த திரையைப் பார்த்தபடியே அப்பா பேசினார். “எத்தனையோ காரணம் டைப் பண்ணியிருக்கேம்மா. எதுவும் எனக்கு ஒட்டாது. இத அடிக்கும்போது மட்டும் அழுக வரும். உன் முன்னாடி அழ முடியாது, அவ முன்னாடியும் அழ முடியாது. யாராவது வந்து ‘என்ன சார் எழுதலாம்’னு கேட்டா, கை தானா இத அடிச்சிரும். வேற எங்க போய் அழுவேன், சொல்லு.”

எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, அவர் மடியில் விழுந்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. நீங்களே வந்து அந்த அலுவலரிடம் சொல்லுங்கள் என்றேன். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். யாரும் இல்லை. கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அம்மாவை அத்தாட்சி மாதிரித் தூக்கிக் காட்டுவதற்கு எனக்கு இஷ்டமில்லை, அவர் ஒன்றும் சான்றிதழ் இல்லை என்றேன். அப்பா வீட்டுக்குப் போய் நாடாவை எடுத்துவந்து, பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதையும் இணைப்பு இல்லாமல் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

அலுவலகம் மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அலுவலர் எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். அம்மா அவருக்கு மிக அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா எழுந்து நின்றுகொண்டார். பையன்கள் மேல் தப்பில்லை, தான்தான் எழுதிக் கொடுத்தேன், அவர்கள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்றார். இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் காரணம் எழுதுகிறவர், தனக்கு என்று ஒன்று சொல்ல முடியாமல் திக்கினார். உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அலுவலர் அதைத் தொடவில்லை. நாடா யாரும் கொண்டுவரலாம் என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டது எனக்கே கேட்டது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

ஜன்னல் வழியாகச் சாய்வெயில் கம்ப்யூட்டர் திரைமேல் விழுந்துகொண்டிருந்தது. என் விண்ணப்பத்தைத் தேட அவருக்குத் திரை தெரியவில்லை. எட்டி ஜன்னல் துணியை இழுத்துவிட்டார். அறை மங்கியது, இருட்டிவிட்டது போல.

அம்மா செருப்பைக் கழற்றினார். இரண்டையும் நாற்காலிக்கு அடியில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார். பிறகு கையை நீட்டி, மணிக்கட்டை மேலே திருப்பி மேசைமேல் வைத்தார். என்னிடம் நீட்டவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அலுவலர் ஒன்றும் புரியாமல் அந்தக் கையைப் பார்த்தார். நாடா உராய்ந்து உராய்ந்து மணிக்கட்டைச் சுற்றித் தோல் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. அம்மா பொறுமையாகக் காத்திருந்தார். கட்டாததால் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

“வண்டி கிளம்பிடுச்சுங்க. அஞ்சே நிமிஷம்,” என்று அலுவலரிடம் சொன்னார். “பயப்படாம வெளிய வந்து நில்லுங்க.”

நான் உறையிலிருந்து நாடாவை எடுத்தேன். எதையும் காட்டுவதற்காக இல்லை. கட்டாவிட்டால் அவருக்குப் பதற்றம் வந்துவிடும், எழுந்துவிடுவார். இரண்டு சுற்றுச் சுற்றி என் கையோடு கட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முயன்று மூக்கு ஒழுகி, ரொம்ப அசிங்கமாக அழுதேன். அலுவலர் என் மணிக்கட்டைப் பார்த்தார். அதிலும் அதே தேய்மானம். ஜன்னல் துணியை மறுபடி திறக்க எழுந்தார். வேண்டாம், கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.

அந்தப் பையன்களை என்ன செய்வீர்கள் என்று அப்பா கேட்டார். அவர்களுக்கும் ஏதாவது நடந்திருக்கும், அதை எழுதச் சொல்கிறேன் என்றார் அலுவலர். பிறகு என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது.

“உன்ன நம்பறேம்மா. நம்பறதாலதான் கேக்கறேன். நாளைக்கு நீ இங்க சேர்ந்துட்டா அம்மா கையைக் கட்டிக்கிட்டு யார் படுக்கறது? நீயேதான்னா, இங்கயும் வந்து தூங்கத்தான் போற.”

அவர் என்னை நம்பாமல் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. பொய் என்றால் வாதாடலாம். உண்மை என்று ஒத்துக்கொண்டு கேட்டால் எதை வாதாடுவது? கல்லூரி இடம் கைக்கு வருவதற்கு முன்பே நழுவுவது தெரிந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஒரு அத்தையை, ஒரு வேலைக்காரம்மாவை உண்டாக்கிவிடலாமா என்று யோசித்தேன். காரணக்காரர் மகள்தானே நான்.

“நான் கட்டிக்கிறேன்,” என்றார் அப்பா.

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன், அல்லது வேறு ஏதாவது செய்திருப்பேன். அலுவலர் எங்கள் இருவரையும் பார்த்தார். முதல் பருவம் முழுக்க வருகையும் மதிப்பெண்ணும் சரியாக இருந்தால்தான் சேர்க்கை நிலைக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிடைத்துவிட்டது. எதற்காக நாய்படாத பாடு பட்டேனோ அது என் பையில் இருந்தது. முதல் பருவத்தில் எத்தனை இரவுகள்? அப்பாவின் பூ முடிச்சு எத்தனை இரவு தாங்கும்? சேர்ந்துவிட்டுத் தோற்பதற்கு நானே கையெழுத்து வாங்கி வந்தது மாதிரிதான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். பக்கத்தில் அப்பா. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா கையை நீட்டி, இப்போதே கட்டிவிடு, பழகிக்கொள்கிறேன் என்றார். பஸ்ஸில் எதற்கு இந்தக் கூத்து என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கட்டினேன். எப்படிச் சுற்றுவது, நுனியை எங்கே விடுவது என்று எரிந்து விழுந்துகொண்டே காட்டினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு நிறுத்தம்கூடப் போகவில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

இதோ, இவரை நம்பித்தான் எல்லாம். ஒரு நிறுத்தத்தில் கதவு திறந்த சத்தத்துக்கு அம்மா விருட்டென்று எழுந்தார். யாரோ காத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார். நான் பாய்ந்து பிடிப்பதற்குள் அப்பாவின் கை அவரோடு சேர்ந்து மேலே போயிற்று. பாதி உயரம்தான் போயிற்று. அதற்குமேல் போகவில்லை. அப்பா எழவில்லை, கண் திறக்கவில்லை, குறட்டையைக்கூட நிறுத்தவில்லை. அந்தக் கனத்த உடம்பு சீட்டில் அப்படியே கிடந்தது. அம்மா இழுத்தார். முடிச்சு இறுகியது. இன்னொரு தடவை இழுத்தார். பிறகு திரும்பி, தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிற கையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அவர் விழிக்கவே வேண்டியதில்லை. நான் விழித்துக் கூடவே எழுந்ததால்தான் ஒவ்வொரு தடவையும் அம்மாவும் முழுசாக எழுந்துவிட்டிருக்கிறார். என் முடிச்சைப் போட்டுக்கொண்டு இந்தக் கட்டை அசையாமல் கிடந்திருந்தால் போதும். நிம்மதி வரும் என்று பார்த்தேன். கோபம்தான் வந்தது, பொங்கிக்கொண்டு வந்தது. பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஓ என்று கத்த வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் இதற்கா போயிற்று?

நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தபோது அப்பாவை எழுப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அவர் மலங்க மலங்க விழித்துவிட்டு, “அவ எந்திரிச்சாளா? நான் முழிச்சேனா?” என்று கேட்டார்.

முழிக்கவில்லை என்று சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. அதைச் சரிசெய்ய நான் அவசரப்படவில்லை. குனிந்து அவர் கை முடிச்சைப் பல்லால் பிரித்தேன். கல்வியில் ஏற்பட்ட பின்னடைவுக்கான காரணத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்குக. இப்போது கேட்டால் ஒரே வரியில் எழுதிவிடுவேன், உலகத்தில் வேறு யாராலும் காப்பியடிக்க முடியாது. அப்பாவுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.